அலை ஒதுங்கும் இடம்

பொன்வேல் ரெசிடென்சியின் குழந்தைகளுக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை மணிக்கட்டு ஆரஞ்சு நிறமாக இருந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் பச்சைக்குத் திரும்பிவிடும். திங்கட்கிழமை சாயங்காலம் மறுபடியும் ஆரஞ்சு.

இதை முதலில் கவனித்தவர் அசோசியேஷன் தலைவர் சென்னியப்பன். கோயமுத்தூரில் பம்புசெட் கம்பெனி நடத்தி ஓய்ந்தவர். எதையும் கழற்றிப் பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது. கழற்ற முடியாத விஷயம் என்றால் அதைப் பற்றிப் பத்துப் பேரிடமாவது பேசியாக வேண்டும்.

"அம்மிணி, ஒரு நிமிசம்," என்று லிஃப்ட் வாசலில் மிருதுளாவை நிறுத்தினார். தோளில் இருந்த பேத்தியின் கையைப் பிடித்து முன்னால் நீட்டினார். "இதைப் பாருங்க. நேத்து ராத்திரி பச்சை. இன்னைக்குச் சாயங்காலம் பழுத்த பப்பாளி மாதிரி இருக்குது. ஏனுங்க இப்படி?"

மிருதுளா தன் மகள் நறுமுகையின் கையைப் பார்த்தாள். அதுவும் அதே பப்பாளி.

அலைக்காப்பு வந்து நான்கைந்து வருடம் ஆகியிருந்தது. பார்வைக்கு ரப்பர் வளையல்தான். உடம்பு அன்றைக்கு எவ்வளவு செல்போன் அலையை வாங்கிக்கொண்டது என்பதை நிறத்தில் காட்டும். பச்சை என்றால் குறைவு, மஞ்சள் என்றால் பரவாயில்லை, ஆரஞ்சு என்றால் கொஞ்சம் அதிகம். சிவப்பை இதுவரை யாரும் பார்த்ததில்லை. ஆரஞ்சில் இருந்தால் உடம்புக்கு என்ன ஆகும் என்று எந்த டாக்டரும் அடித்துச் சொன்னதில்லை. ஒன்றும் ஆகாது என்றும் சொன்னதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த சந்தில்தான் மிருதுளா வேலை பார்த்த கம்பெனி கடை விரித்திருந்தது.

கடையில் விற்ற சரக்கின் பெயர் நிழல்சுவர். வால்பேப்பர் போல வீட்டுச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய தகடு. அறையில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கவனித்து, அங்கே வரும் அலையை வளைத்து வேறு பக்கம் அனுப்பிவிடும். மாதச் சந்தா. பொன்வேல் ரெசிடென்சியின் மாடி வீடுகள் எல்லாவற்றிலும் அதை ஒட்டி, சரிபார்த்துக் கொடுத்தவளே மிருதுளாதான். கம்பெனி ஆள் என்பதால் நான்காம் மாடியில் இருந்த அவள் வீட்டுக்குச் சலுகை விலை.

"எல்லா வீட்லயும் சுவர் நல்லாத்தான் வேலை செய்யுது அங்கிள். பெரியவங்க காப்பு எல்லாம் பச்சையா இருக்கே," என்றாள்.

"அதைத்தானுங்க நானும் சொல்றேன். எங்களுக்குப் பச்சை. பொடுசுகளுக்கு ஆரஞ்சு. அதுவும் வேலை நாள்ல மட்டும். வேலை நாள்ல இதுக எங்க போகுது?"

தரைத்தளத்தில் ஷமீமா நடத்தும் குருவிக்கூட்டுக்குத்தான் போயின. அம்மா அப்பா இருவரும் வெளியிலோ வீட்டிலிருந்தபடியோ வேலை பார்க்கும் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் பகல் முழுக்க அங்கேதான். காலையில் அழுதுகொண்டே உள்ளே போகும். சாயங்காலம் வெளியே வர மாட்டேன் என்று அழும்.

"அந்தம்மா நாள் முழுக்க போனைக் காதுல வெச்சுட்டே இருக்குதாட்டம் இருக்குது. வெள்ளிக்கிழமை மீட்டிங் போட்டிருக்கறனுங்க. அதுக்குள்ள நீங்க ஒருக்கா போயிப் பார்த்துச் சொல்லிப்போடுங்க. ஆதாரமில்லாம ஒருத்தர் பொழப்புல கை வெக்கக் கூடாது பாருங்க," என்றார் சென்னியப்பன்.

தப்பு ஷமீமாவுடையதுதான் என்று முடிவு செய்துவிட்டு, அதற்கு ஆதாரம் கேட்கும் அவருடைய நேர்மை மிருதுளாவுக்குச் சிரிப்பை வரவழைத்தது. ஆனால் மகளின் மணிக்கட்டைப் பார்த்தபோது சிரிப்பு முழுதாக வரவில்லை.

மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள்.

கதவைத் திறந்த ஷமீமாவின் தலையில் காகிதத் தொப்பி இருந்தது. கழுத்தில் விசில். நாற்பதைத் தாண்டியவள், பருத்த உடம்பு, அந்த உடம்போடு நாள் முழுக்க ஓடுகிறவள். அவளுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் மாதிரி நின்றார்கள்.

"உள்ள வா கண்ணு, சீக்கிரம். மேட்டுப்பாளையம் வண்டி கெளம்பிருச்சு. நான்தான் கார்டு," என்றாள் ஷமீமா.

"அக்கா, உங்க போன் எங்க?"

"எதுக்கு?"

"சும்மா, ஒரு தடவை பார்க்கணும்."

ஷமீமா சமையலறைக்குப் போனாள். அரிசி டிரம்மின் மூடியைத் திறந்து, கையை முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவினாள். அரிசி ஒட்டிய போன் ஒன்று வெளியே வந்தது. அணைத்து வைத்திருந்தாள்.

"வெளிய வெச்சா இதுக விட்டாத்தானே? போன வாரம் உன்ற மக இதை எடுத்து, துபாய்ல இருக்கற என் வீட்டு ஓனருக்கு அடிச்சு, முழு யானைப் பாட்டையும் பாடிட்டா. வாடகையைக் குறைக்கத்தான் புள்ளையை விட்டுப் பாட வெக்கறேன்னு நெனச்சுட்டாரு அந்த மனுசன். அன்னையில இருந்து அரிசிக்குள்ளதான். அவசரம்னா சுவத்துல லேண்ட்லைன் இருக்குதே. அதை யாரும் தொட மாட்டாங்க. அது என்னன்னே இதுகளுக்குத் தெரியல."

மிருதுளா பையிலிருந்து அளவுமானியை எடுத்தாள். நீளக் கைப்பிடியும் வட்டத் தலையுமாகப் பார்க்க ஜல்லிக் கரண்டி போல இருக்கும். மேட்டுப்பாளையம் வண்டி உடனே தடம் மாறி அவள் பின்னால் வரத் தொடங்கியது. கூடம், சமையலறை, குளியலறை என்று ஒவ்வொரு இடமாகக் கரண்டியை நீட்டினாள். ஒவ்வொரு இடத்திலும் குழந்தைகள் "இங்க எவ்ளோ?" என்று கத்தின. நறுமுகை தன் கரடி பொம்மையையும் அளக்கச் சொன்னாள். அளந்து, "கரடி நல்லா இருக்கு" என்று மிருதுளா சொன்னாள்.

கரடி நன்றாக இல்லை. எண் அதிகமாக இருந்தது. வீட்டில் ஒரு போன்கூட ஓடாதபோது அவ்வளவு இருக்கக் கூடாது. மதியம் குழந்தைகளைப் படுக்க வைக்கும் மூலைக்குப் போகப் போக அது இன்னும் ஏறியது. பாய்களைச் சுருட்டி வைத்திருந்த இடத்தில் நின்று, மிருதுளா கரண்டியை மெல்லக் கூரைப் பக்கம் திருப்பினாள். எண் குபீரென்று உயர்ந்தது.

மேலே இருந்து வந்துகொண்டிருந்தது.

டேப்லெட்டில் கட்டடத்தின் வரைபடத்தைத் திறந்தாள். ஐந்து மாடிகளும் நீலமாக, குளிர்ச்சியாக இருந்தன. ஒவ்வொரு வீட்டுச் சுவரிலிருந்தும் சின்னச் சின்ன அம்புக்குறிகள் கிளம்பி, ஒன்றோடு ஒன்று சேர்ந்து, படி இறங்குவது போலக் கீழே வந்துகொண்டிருந்தன. எல்லாம் வந்து சேரும் இடம் தரைத்தளத்தில் சாம்பல் நிறமாக ஒரு கட்டம். அதற்கு மேல் 'காலி' என்று எழுதியிருந்தது.

"என்ன கண்ணு, மூஞ்சி வெளுத்துப் போச்சு?" என்றாள் ஷமீமா.

மிருதுளா பாயின் மேல் உட்கார்ந்தாள். "அக்கா, நீங்க ஏன் நிழல்சுவர் ஒட்டலை?"

"ஓனர் வேண்டாம்னுட்டாரு. எனக்கும் வேண்டாம். சுவத்துல எதை ஒட்டினாலும் இதுக உரிச்சுப் போடும்."

"பெரிய மழை பெய்யுதுன்னு வைங்க. தெருவுல எல்லாரும் அவங்கவங்க வாசல்ல மணல் மூட்டை அடுக்கிட்டாங்க. தண்ணி என்ன ஆகும்?"

"மூட்டை அடுக்காத வீட்டுக்குள்ள..." என்று ஆரம்பித்த ஷமீமா பாதியில் நிறுத்தினாள். காகிதத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். "அந்தச் சுவருக்குக் கண்ணு இருக்குதுன்னு சொல்றாங்களே. இங்க இத்தனை உசுரு ஓடறது அதுக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா சந்தாவுல யார் பேர் இருக்கோ அவங்கதான் அதுக்கு ஆள். மத்தவங்க இருக்கற இடம் காலி இடம்."

"என் வீடு காலி இடமா?"

மிருதுளா டேப்லெட்டைப் பாயில் கவிழ்த்து வைத்தாள்.

"சரி, நான் சந்தா கட்டலை. இதுகளோட அப்பனும் ஆத்தாளும் கட்டறாங்கல்ல? இதுக பேரு அதுல இருக்கும்ல?"

"அவங்கவங்க வீட்டுக் கணக்குல இருக்கு. மாடியில இருக்கற வரைக்கும் இதுங்களும் ஆளுதான். படி இறங்கி உங்ககிட்ட வந்துட்டா கணக்குல இல்லை."

ஷமீமா கொஞ்ச நேரம் குழந்தைகளைப் பார்த்தாள். கார்டு இல்லாததால் வண்டி நடுவழியில் நின்று, எஞ்சினும் கடைசிப் பெட்டியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

"நான் போன்ல பேசிப் பேசித்தான் இப்படி ஆச்சுன்னு மேல பேசிக்கறாங்களாமே. என் காதுக்கும் வந்துச்சு. ரெண்டு நாளா சோறு எறங்கல எனக்கு. உள்ளபடிக்கு என் மேலதான் தப்போன்னு ராத்திரி படுத்துட்டு யோசிச்சுட்டு இருந்தேன்," என்றாள். பிறகு அவளுக்குத் திடீரென்று சிரிப்பு வந்தது. "தம் மேல படக் கூடாதுன்னு எல்லாருமாச் சேர்ந்து தள்ளிவிட்டு, கடைசியில அவங்கவங்க பெத்த புள்ளைக மேலயே தள்ளியிருக்காங்க. அதுக்கு மாசா மாசம் சந்தா வேற!"

விசிலை எடுத்து ஊதினாள். வண்டி கிளம்பியது.

மிருதுளா வெளியே வந்து, கார் நிறுத்தும் இடத்தில் நின்றபடி சென்னையில் இருந்த தன் மேலாளர் ஸ்ரீவத்சனைக் கூப்பிட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டார். அவர் எப்போதும் பொறுமையாகக் கேட்பவர்தான்.

"இது கோளாறு இல்லை மிருதுளா. சுவர் அப்படித்தான் வேலை செய்யணும். அலையைத் தின்னு ஏப்பம் விடற சுவர் யாருகிட்டயும் இல்லை. நகர்த்தத்தான் முடியும்."

"தெரியும் சார். எங்க நகர்த்துதுன்னு நான் யோசிச்சதே இல்லை."

"அதுக்கு என்ன, அந்த வீட்டுக்கும் இலவசமா ஒட்டிக் கொடுத்துடு. ஒரு வருஷத்துக்குச் சந்தா வேண்டாம். மீட்டிங்ல எதுவும் விளக்க வேண்டாம். 'சரி பண்ணிட்டோம்'னு சொல்லு, போதும்."

"ஒட்டிட்டா அப்புறம் அது எங்க போகும்?"

"வெளிய."

"வெளியன்னா?"

"வெளியன்னா வெளியதான்," என்று சொல்லி ஸ்ரீவத்சன் போனை வைத்துவிட்டார்.

மிருதுளா டேப்லெட்டில் குருவிக்கூட்டுக்கும் சுவர் ஒட்டியதாக வைத்துப் பார்த்தாள். அம்புகள் தயங்கின, திரும்பின, காம்பவுண்டைத் தாண்டின. தெருவுக்கு எதிர்ப்புறம் இருந்த பஸ் ஸ்டாப்பில் போய்ச் சேர்ந்தன. அங்கே கல்லூரிப் பெண்கள் இரண்டு பேரும் கீரைக்கட்டுகளோடு ஒரு அம்மாவும் வடவள்ளி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். டேப்லெட்டில் அவர்களும் 'காலி'தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டு மீட்டிங் நடந்தது. நிழல்சுவரின் கட்டுப்பாட்டுப் பெட்டி அங்கே தூணில்தான் இருந்தது, ஒரு சின்னத் திரையோடும் ஒலிபெருக்கியோடும். ஷமீமாவும் வந்திருந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் குழந்தைகள் தங்கள் வீட்டு மடிகளிலிருந்து நழுவி அவளிடம் போய்விட்டன. அதனால் அவளுக்கு எதிராகப் பேச வந்தவர்களுக்குப் பேச்சு கொஞ்சம் சிரமமாக இருந்தது.

சென்னியப்பன் தொண்டையைச் செருமினார். "ஷமீமாம்மா மேல நமக்குத் தனிப்பட்ட கோவம் எதுவும் இல்லீங்க. ஆனா பொடுசுக ஆரோக்கியம்னு வந்தா..."

"அங்கிள், நான் அளந்து பார்த்துட்டேன். முதல்ல நான் பேசிடறேன்," என்று எழுந்தாள் மிருதுளா.

எதுவும் விளக்க வேண்டாம் என்ற ஸ்ரீவத்சனின் குரல் அவள் காதில் இருந்தது. வேலையை நினைத்துக்கொண்டாள். வீட்டுக் கடனை நினைத்துக்கொண்டாள். பிறகு வரைபடத்தைத் தூணில் இருந்த திரைக்கு அனுப்பி, அம்புக்குறிகளைக் காட்டினாள். ஷமீமாவின் போன் அரிசி டிரம்மில் தூங்குவதைச் சொன்னாள். சுவர் எப்படி வேலை செய்கிறது, யாரை ஆள் என்று நினைக்கிறது, யாரை நினைக்கவில்லை, எல்லாவற்றையும் சொன்னாள்.

மூன்றாம் மாடி பிரவீணாதான் முதலில் வாயைத் திறந்தாள். அவளுக்கு இரட்டைப் பிள்ளைகள். இரண்டும் அப்போது ஷமீமாவின் இரண்டு தொடைகளிலும் உட்கார்ந்திருந்தன.

"இருங்க இருங்க. நான் ஹால்ல உட்கார்ந்து வெப் சீரிஸ் பார்க்கறேன். அந்த அலை என் மேல படாம, நேராப் போய் என் பசங்க மேல படுதா?"

"நேரா இல்லை. ரெண்டாவது மாடி வழியாப் போகுது," என்றாள் மிருதுளா.

"என் வீட்டு வழியாவா?" என்று இரண்டாம் மாடிக்காரர் பதறினார்.

"பயப்படாதீங்க. உங்க சுவரும் தள்ளிவிட்டுடுது."

யாரோ சிரித்துவிட்டார்கள். சிரித்தவர் உடனே வாயைப் பொத்திக்கொண்டார். பிரவீணா சிரிக்கவில்லை. எழுந்து கடைசி வரிசைக்குப் போய், ஷமீமாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "மன்னிச்சுக்கங்க அக்கா. வாட்ஸப்ல முதல்ல எழுதினது நான்தான்," என்றாள்.

"எனக்கு அதெல்லாம் தெரியாது கண்ணு. என் போன்தான் அரிசிக்குள்ள கெடக்குதே," என்றாள் ஷமீமா. இந்தத் தடவை எல்லோரும் சிரித்தார்கள்.

சென்னியப்பன் நிலைமையைக் கையில் எடுத்தார். "சரிங்க. நடந்தது நடந்துபோச்சு. இப்ப வழி என்னன்னு பார்ப்போம். குருவிக்கூட்டுக்கும் அசோசியேஷன் பணத்துலயே சுவர் ஒட்டிப்போடலாம். தீர்ந்துதுங்களா?"

"ஒட்டிட்டா அப்புறம் அது எங்கீங்க போகும்?" என்று கடைசி வரிசையிலிருந்து ஷமீமா கேட்டாள்.

எல்லோரும் மிருதுளாவைப் பார்த்தார்கள்.

"எதிர்த்தாப்பல இருக்கற பஸ் ஸ்டாப்புக்கு," என்றாள்.

சென்னியப்பன் முகம் தெளிந்தது. "பஸ் ஸ்டாப்பு நம்ம அசோசியேஷன்ல இல்லீங்களே!"

"தினமும் சாயங்காலம் உங்க கூட்டாளிக நாலு பேரோட அந்த பெஞ்சுல உக்காந்து அரசியல் பேசறது யாருங்க?" என்றாள் ஷமீமா.

"அது... காத்தாட உக்காருவோம்ங்க."

"இனிமே அலையாடவும் உக்காரலாம்."

சிரிப்பு அடங்க நேரம் ஆனது. சென்னியப்பனும் சிரித்தார். ஆனால் சிரிப்பு முடிந்ததும் அவர் முகத்தில் ஒரு யோசனை தங்கியிருந்தது. "ஏனுங்க அம்மிணி, பஸ் ஸ்டாப்பும் வேண்டாம், நாங்களும் வேண்டாம், பொடுசுகளும் வேண்டாம்னா எங்கதான் தாட்டி விடறது? வழியே இல்லீங்களா?"

"ஒரு வழி செஞ்சு பார்க்கலாம். சந்தாவுல இருக்கற பேரை எல்லாம் எடுத்துடறேன். மூச்சு விடற எல்லாருமே ஆளுன்னு சுவர்கிட்டச் சொல்லிடறேன். நாம, குருவிக்கூடு, தெருவுல போறவங்க, கீரைக்காரம்மா, எல்லாரும். அப்புறம் அது என்ன பண்ணுதுன்னு பார்ப்போம். ஆனா ஒண்ணு. உங்க காப்பு பச்சையாவே இருக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

இது அவ்வளவு சுலபமாக இறங்கவில்லை. கொடுத்த பணத்துக்கு என்ன அர்த்தம் என்று ஒருவர் கேட்டார். கீரைக்காரம்மாவுக்கு நாம் ஏன் சந்தா கட்ட வேண்டும் என்று இன்னொருவர் கேட்டார். பிரவீணா கையைத் தூக்கினாள். பிறகு ஒவ்வொரு கையாக உயர்ந்தது. சென்னியப்பனின் கை மட்டும் மடியிலேயே இருந்தது. அவருடைய பேத்தி தியா ஷமீமாவிடமிருந்து ஓடி வந்து, எல்லோரும் ஏதோ விளையாட்டு விளையாடுகிறார்கள் என்று நினைத்து, அவர் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கிவிட்டாள். அவர் அதை இறக்கவில்லை.

மிருதுளா பெட்டியின் முன்னால் நின்று பெயர்களை நீக்கினாள். திரையில் அம்புக்குறிகள் எல்லாம் குழம்பிப்போய்ச் சுற்றின. பஸ் ஸ்டாப்புக்குப் போயின, திரும்பி வந்தன. மொட்டை மாடிக்குப் போயின. அங்கே யாரோ துணி எடுத்துக்கொண்டிருந்ததால் அங்கிருந்தும் திரும்பின. ஒவ்வொன்றாக மறைந்தன. ஒலிபெருக்கியில் பெட்டியின் பெண் குரல், வழக்கமான மரியாதையோடு பேசியது.

"அலையை ஒதுக்குவதற்கு இடம் இல்லை."

கொஞ்சம் இடைவெளி விட்டது.

"தயவுசெய்து ஜன்னல்களைத் திறக்கவும்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மிருதுளா கண்ணை மூடிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"என்னங்க சொல்லுது அது?" என்றார் சென்னியப்பன்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி வெயிலுக்காக எல்லா ஜன்னலுக்கும் புதுக் கண்ணாடி போட்டோமே அங்கிள், ஞாபகம் இருக்கா? உள்ள சூடு வராம இருக்க அந்தக் கண்ணாடியில கண்ணுக்குத் தெரியாத மெல்லிசா உலோகம் பூசியிருக்கும். சூட்டைத் தடுக்கற மாதிரியே டவர் சிக்னலையும் அது தடுக்கும்."

"தடுத்தா நல்லதுதானுங்களே? டவர்ல இருந்துதானே எல்லாம் வருது?"

"டவர்ல இருந்து நமக்கு வந்து சேர்றது கொஞ்சம்தான். நம்ம கையில, காதுகிட்ட இருக்கற போன்தான் பெரிசு. கதவைச் சாத்திட்டு உள்ள இருந்து வெளிய இருக்கறவரைக் கூப்பிடணும்னா என்ன பண்ணுவீங்க?"

"கத்துவேன்."

"போனும் அதைத்தான் பண்ணுது. டவர் சரியா கேக்கலைன்னா முழு பலத்தோட கத்தும். கதவு திறந்திருந்தா கிசுகிசுன்னு பேசும். இங்க ஒவ்வொரு வீட்லயும் போனு, டிவி, வாட்ச், ஸ்மார்ட் மூக்குக்கண்ணாடின்னு பத்துப் பதினஞ்சு சாமான் மூணு வருஷமா கத்திட்டு இருக்கு. அந்தக் கத்தலைத்தான் நாம இவ்வளவு நாளா அடுத்தவங்க தலையில தள்ளிட்டு இருந்தோம்."

"அட! பம்பை ரிப்பேர் பண்ணாம பைப்பைத் திருப்பித் திருப்பி விட்டுட்டு இருந்திருக்கோம்," என்றார் சென்னியப்பன். அவருக்குப் புரிந்தது மட்டுமில்லை, சந்தோஷமாகவும் இருந்தது. கழற்றிப் பார்க்க முடிகிற இடத்துக்கு விஷயம் வந்து சேர்ந்துவிட்டது.

ஆனால் ஜன்னல்கள் திறக்கவில்லை. ஏசி போட்ட நாளிலிருந்து யாரும் தொடாததால் தூசியும் பெயிண்டும் சேர்ந்து இறுகிப் போயிருந்தன. சென்னியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தன் பழைய கருவிப் பையோடும் கிரீஸ் டப்பாவோடும் வீடு வீடாக ஏறினார். குழந்தைகள் பின்னாலேயே ஓடின. ஒவ்வொரு ஜன்னலும் திறக்கும்போது எழுந்த கிரீச்சுக்கு ஒரு கைதட்டல் கேட்டது. பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமிருந்து வரும் காற்று கட்டடத்துக்குள் நுழைந்து திரைச்சீலைகளைத் தூக்கியது, பிரவீணா வீட்டுக் காலண்டரைப் பிய்த்து எறிந்தது, இரண்டாம் மாடியில் பொரித்துக்கொண்டிருந்த அப்பளத்தின் வாசத்தை ஐந்தாம் மாடிக்குக் கொண்டுபோனது.

"கொசு வருமேங்க," என்று ஏணியில் நின்றபடி சென்னியப்பன் கவலைப்பட்டார்.

"நைலான் வலை அடிச்சுக்குங்க. கம்பி வலை மட்டும் வேண்டாம்," என்று கீழே இருந்து மிருதுளா கத்தினாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் காப்புகள் பச்சையாக இருந்தன. ஆனால் அது எப்போதும் நடப்பதுதான். திங்கட்கிழமை சாயங்காலம் குருவிக்கூட்டின் வாசலில் வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகமாக இருந்தது. பாட்டிலும் பையுமாக ஒவ்வொரு பிள்ளையாக வெளியே வந்தது. ஒவ்வொரு கையையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்கள். பச்சை. இன்னொரு பச்சை. நறுமுகையின் காப்பு இளம் மஞ்சளாக இருந்ததைக் கண்டு மிருதுளாவுக்குத் திக்கென்றது. துடைத்துப் பார்த்தாள். மாம்பழச் சாறு. அதற்கடியில் பச்சை.

பெரியவர்களுடைய காப்புகளும் பச்சையாகத்தான் இருந்தன, நிழல்சுவர் எதுவும் செய்யாமல் சும்மா இருந்தும்கூட. ஏசி ஓடாததால் கரண்ட் பில் குறையும் என்று சென்னியப்பன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சித்திரை வெயில் வரட்டும், அப்போது பேசலாம் என்று இரண்டாம் மாடிக்காரர் சொன்னார். அதற்கும் ஒரு மீட்டிங் போட வேண்டியிருக்கும். அதற்குள் சென்னியப்பன் ஒரு யோசனை வைத்திருந்தார். அதை யாரும் கேட்கத் தயாராக இல்லை.

புதன்கிழமை ஸ்ரீவத்சன் நேரில் கோயமுத்தூர் அலுவலகத்துக்கு வந்திருப்பதாகவும், மிருதுளாவை வரச் சொல்வதாகவும் தகவல் வந்தது. வேலை போய்விடும் என்று தயாராகத்தான் போனாள். ஷமீமா அவளை வாசலில் நிறுத்தி, "வேலை போனா என்கிட்ட வந்துரு. எஞ்சின் டிரைவர் போஸ்ட் காலியா இருக்குது," என்று சொல்லி அனுப்பினாள்.

ஸ்ரீவத்சன் கதவைச் சாத்திக்கொண்டார். மெலிந்த மனிதர். எப்போதும் இஸ்திரி கலையாத சட்டை. அன்றைக்கு ஏனோ கசங்கியிருந்தது.

"உங்க கட்டடத்துல நடந்ததை யாரோ வீடியோ எடுத்துப் போட்டிருக்காங்க. 'ஜன்னல்களைத் திறக்கவும்'னு நம்ம பெட்டியே சொல்றது அதுல தெளிவாக் கேக்குது. திங்கட்கிழமையிலேர்ந்து ஆபீஸ்ல போன் நிக்கலை."

"சந்தாவை நிறுத்தணும்னு கேக்கறாங்களா சார்?"

"சில பேர் அதுக்கு. நிறைய பேர் வேற ஒண்ணு கேக்கறாங்க. 'எங்க வீட்டு அலை எங்க போகுது?' மைலாப்பூர்லேர்ந்து ஒருத்தர், திருச்சியிலேர்ந்து ஒரு டாக்டரம்மா. எல்லாரும் ஒரே கேள்வி. எங்க மாடிக்கு மேல குடியிருக்கறவங்க மேலயா, வேலைக்கு வர்ற பொண்ணு உட்கார்ற இடத்துலயான்னு. இத்தனை வருஷமா இதை ஒருத்தரும் கேட்டதில்லை."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மிருதுளான்னு ஒரு இன்ஜினியர் வந்து பார்த்துச் சொல்லுவாங்கன்னு சொல்லச் சொல்லியிருக்கேன்."

மிருதுளாவுக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"மேலிடத்துல ஒத்துக்கிட்டாங்களா?"

"இன்னும் முழுசா இல்லை. பேசிட்டிருக்கேன்." ஸ்ரீவத்சன் மேசையில் இருந்த பேனாவை எடுத்தார், வைத்தார். "அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம். ஆபீஸ் விஷயம் இல்லை. நம்ம முதல் நிழல்சுவரை எங்க ஒட்டினோம் தெரியுமா? என் வீட்ல."

"எல்லா ரூமுக்குமா சார்?"

"எல்லா ரூமுக்கும்தான். ஒரு ரூம் மட்டும்..." அவர் குரல் தணிந்தது. "பால்கனியை மூடி ஒரு சின்ன ரூம் கட்டினோம். சுவர் ஒட்டினதுக்கு அப்புறம் கட்டினது. வரைபடத்துலயே இல்லை."

"அங்க யாராவது இருப்பாங்களா?"

"என் வொய்ஃப் சுபா. அவளுக்கு ஏசி ஆகாது. அங்கதான் உட்கார்ந்து நாள் பூரா ஆன்லைன்ல கணக்கு டியூஷன் எடுக்கறா. காப்பு ஆரஞ்சாயிடுதேன்னு ரெண்டு வருஷமா சொல்லிட்டிருந்தா. நான்தான், நீ ரொம்பப் பேசறே, அதனாலன்னு..."

மிருதுளாவுக்குச் சிரிக்கக் கூடாது என்று தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சாயங்காலம் ஃப்ளைட் இருக்கா சார்?"

"இருக்கு."

"ரெண்டு டிக்கெட் போடுங்க. அளவுமானி பையிலயே இருக்கு. வந்து பார்த்துடலாம்."

"ரொம்ப நன்றி மிருதுளா." அவர் முகத்தில் நிம்மதி வந்தது. "நீ வர்றதும் நல்லதுதான். சுபாகிட்ட நீயே எல்லாத்தையும் விளக்கிச் சொல்லிடேன். உனக்குத்தான் அழகாச் சொல்ல வருது."

"அளக்கறது நான் அளக்கறேன் சார். சொல்றது நீங்கதான் சொல்லணும்."

ஸ்ரீவத்சன் மறுபடியும் பேனாவை எடுத்தார், வைத்தார்.

"அப்ப நாளைக்குப் போலாமா?" என்றார்.